நீல மையில் இருந்த வாக்கியம்

அடிக்குறிப்பார் என்றால் தெரியாதவர் இல்லை. பெற்றோர் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார். அரசியல், மதம், சரித்திரம் என்று எதை எழுதினாலும் பக்கத்தில் பாதி அடிக்குறிப்பாகத்தான் இருக்கும். ஒருமுறை ஒரு பேராசிரியர் பக்க எண் கொடுக்காமல் மேற்கோள் காட்டிவிட்டார் என்று மூன்று கட்டுரை எழுதி அவர் தோலை உரித்தார். பாவம், அந்த மனுஷர் அதற்குப் பிறகு எழுதுவதையே விட்டுவிட்டார்.

படித்ததை அட்டைகளில் குறித்து வைப்பது அடிக்குறிப்பாரின் பழக்கம். புத்தகத்தில் இருப்பது நீல மையில், தனக்குத் தோன்றியது சிவப்பு மையில். தன் கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில் இதைச் சொல்லி மார்தட்டியும் இருந்தார்: "நீலம் சான்று. சிவப்பு நான். இரண்டும் என் மேசையில் ஒருநாளும் கலந்ததில்லை."

செவ்வாய்க்கிழமை காலை பதிப்பாளர் போன் செய்தார்.

"சார், உங்க தொகுப்பை மொழிபெயர்க்கிறவர் ஒரு சின்ன விஷயம் கேக்கறாரு. கோட்டை விழுந்த கட்டுரையில அந்தப் பயணியோட மேற்கோள் இருக்குல்ல, அதுக்குப் பக்க எண் இல்லையாம்."

"என் கட்டுரையிலயா? நல்லா பார்க்கச் சொல்லுங்க."

"நானே பார்த்துட்டேன் சார். இல்லை."

எந்த மேற்கோள் என்று விளக்க வேண்டியதில்லை. அது இப்போது நகரத்துச் சுவர்களில் எல்லாம் இருந்தது. 'வடக்குச் சந்துக்காரர்கள் உள்ளிருந்து கதவைத் திறந்தார்கள், கோட்டை விழுந்தது.' நானூறு வருடத்துக்கு முன் வந்த பயணி ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதியதாக, இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அடிக்குறிப்பார் எடுத்துக்காட்டியது. வேறு விதமாகச் சாமி கும்பிடும் அந்தச் சந்துக்காரர்களின் கடைகளுக்கு இரண்டு வருடமாக யாரும் போவதில்லை. துரோகிகளுக்கு நகரத்தின் நடுவில் வழிபாட்டு மண்டபம் எதற்கு, இடித்துவிடலாம் என்று வியாழக்கிழமை நகரசபையில் தீர்மானம் வரப்போகிறது.

இதையெல்லாம் யாராவது எடுத்துச் சொன்னால் அடிக்குறிப்பார் கையை விரித்துவிடுவார். "நான் எழுதினது சரித்திரம். ஜனங்க அதை வச்சு என்ன பண்றாங்கங்கறது என் பொறுப்பில்லை. இப்பவும் என் சட்டையெல்லாம் வடக்குச் சந்து தையற்காரர்தான் தைக்கிறாரு, தெரியுமில்லே?" ஏதோ அந்தச் சட்டைகளே அவருடைய நல்ல மனசுக்குச் சான்று போல.

நூலகத்துக்குப் போய் நாட்குறிப்பை வாங்கி உட்கார்ந்தார். மெலிந்த புத்தகம், நடுவில் சில தாள்கள் பூச்சி அரித்திருந்தன. ஒருமுறை படித்தார். காணோம். வரிக்கு வரி விரல் வைத்து இரண்டாம் முறையும் படித்தார். பயணி மழையைப் பற்றி எழுதியிருந்தார், மிளகைப் பற்றி எழுதியிருந்தார், தமக்கு வந்த பல்வலியைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார். வடக்குச் சந்துக்காரர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வீட்டுக்கு ஓடிவந்து பழைய அட்டைப்பெட்டிகளைக் கொட்டினார். அந்த அட்டை கிடைத்தது. அவருடைய கையெழுத்து, நீல மை. அப்பாடா என்று மூச்சுவிட்டு, அதே தேதி போட்ட அடுத்த அட்டையைப் பார்த்தார். அதுவும் நீலம். 'கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும். பயணிக்கு ஏன் இவ்வளவு பல்வலி?' என்று இருந்தது. தூக்கிவாரிப் போட்டது. அன்று எழுதிய அத்தனையும் நீலம்.

"இந்த வாரத்துல என் சிவப்புப் பேனா எங்கே போச்சு?" என்று அட்டையை நீட்டி மனைவியிடம் கத்தினார்.

மனைவி தேதியைப் பார்த்தார். "நம்ம பொண்ணுக்குப் பரீட்சை நடந்துதே, மேப் வரையறதுக்கு எடுத்துட்டுப் போனா. நீங்க வீட்டையே ரெண்டாக்கினீங்களே, மறந்துபோச்சா?" என்றவர், அவர் முகத்தைப் பார்த்ததும் அருகில் வந்தார். "என்னங்க ஆச்சு?"

"அது பயணி எழுதினது இல்லை. நான் எழுதினது. கோட்டை எப்படி விழுந்திருக்கும்னு உக்காந்து யோசிச்சு, சும்மா தோணினதை எழுதி வச்சிருக்கேன்." அட்டையை மேசைமேல் போட்டார். "சும்மா தோணினதும்மா."

பதிப்பாளரிடம் சொன்னபோது, "ஆறாம் பதிப்பு அச்சுல இருக்கு சார், வாயைத் திறக்காதீங்க" என்றார். மனைவி வேறு மாதிரிச் சொன்னார். "அந்தப் பேராசிரியரைச் சும்மா விட்டீங்களா? இப்ப போய்ச் சொல்லுங்க."

வியாழக்கிழமை நகரசபையில் அட்டைகளோடு எழுந்து நின்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் நம்பிக்கையோடு தலைவரைப் பார்த்தார்.

தலைவர் தம் மேசைமேல் இருந்த தொகுப்பைப் பிரித்தார். "ஐயா, உங்க முன்னுரையைத்தான் படிக்கிறேன். 'நீலம் சான்று. சிவப்பு நான். இரண்டும் என் மேசையில் ஒருநாளும் கலந்ததில்லை.' கையில வச்சிருக்கீங்களே, அது என்ன கலர்?"

"நீலம். ஆனா அன்னிக்கு..."

"புத்தகத்துல சில தாள் அரிச்சுப்போச்சுன்னும் நீங்களே சொன்னீங்க. இந்த மேற்கோள் அந்தத் தாள்ல இல்லைன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

மற்றவர்களை மடக்க அடிக்குறிப்பார் ஆயுள் முழுக்கக் கேட்ட கேள்வி அது. பின்வரிசையில் ஒருவர், "பெரியவரை யாரோ மிரட்டியிருக்காங்க" என்றார். பலர் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது. போகும்போது இரண்டு பேர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் காலை வெட்டி எறியலாம் போல இருந்தது அவருக்கு.

வெளிப்படியில் தையற்காரர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் இருந்த அளவு நாடாவைக் கழற்றாமலே வந்திருந்தார். அடிக்குறிப்பார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க. நான் சொன்னதை யாருமே நம்பலை."

"நான் நம்பறேன் ஐயா" என்றார் தையற்காரர். "அப்போ நெஜமாவே எங்காளுங்க கதவைத் திறக்கலையா?"

"அதுக்குச் சான்று எதுவுமே இல்லை. நான் எழுதினதுதான்."

தையற்காரர் அளவு நாடாவைக் கழற்றிக் கையில் சுருட்டினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எங்க அப்பா உங்க புஸ்தகத்தைப் படிச்சாரு. படிச்ச பெரியவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டாரு. சாகிற வரைக்கும் தினமும் அந்த மண்டபத்துல உக்காந்து, முன்னோர் செஞ்ச துரோகத்துக்கு மன்னிப்புக் கேட்டாரு ஐயா."