இடப்பக்கம் திரும்பிய டாக்ஸி

1
என் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் மரீபெலின் தாய் ஒட்டிலியா சொன்னதுதான் இந்தக் கதை. அவள் சொன்னது பத்து வரி. மிச்சப் பயம் என்னுடையது.

முதல் தொடக்கம்: “விமானம் தாழ இறங்கியபோது மெக்சிகோ நகரம் முடிவேயில்லாமல்...” (வேண்டாம். ஒட்டிலியா ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. ‘வலி வந்துடுச்சும்மா, சீக்கிரம் வா’ என்று மகள் அனுப்பிய செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.)

2
விமான நிலைய டாக்ஸி வரிசை நீளமாக இருந்தது. வெளியே நின்ற ஒருவனுடைய வண்டியில் ஏறிவிட்டாள். பெருஞ்சாலையில் போன வண்டி சட்டென்று இடப்பக்கச் சந்துக்குள் திரும்பியது. கதவுகள் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டன.

“எதுக்குப் பூட்டுறீங்க?”

“சிக்னல்ல நின்னா திருட்டுக் கை உள்ள வந்துடும்மா.”

“ஆஸ்பத்திரிக்கு நேராப் போகணும்னு மக சொன்னாளே!”

“நேராப் போனா வாத்தியாருங்க போராட்டம்னு ரோட்ட மறிச்சு உக்காந்திருக்காங்க. உங்க பேரப்புள்ள பள்ளிக்கூடம் போற வயசுல போய்ச் சேருவீங்க.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு போன் வந்தது. “ஆமா, ஒண்ணுதான். பத்து நிமிஷத்துல கொண்டாந்துடறேன்” என்றான்.*

* பயணியையா, டயரையா, கேக்கையா? தெரியாது. இவனை நல்லவனாக்கி இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இரண்டு முறையும் நானே கிழித்துப் போட்டேன்.

3
அடுத்த சிக்னலில் பூட்டை இழுத்துவிட்டுக் குதித்து ஓடினாள். அவள் பயணப் பெட்டி வண்டியின் டிக்கியிலேயே நின்றுவிட்டது. மெட்ரோ படிக்கட்டு கண்ணில் பட்டது. ரயிலில் பெண்களுக்கான பெட்டியில் அவள் முகத்தைப் பார்த்த ஒருத்தி, எங்கே போகணும் என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த ஆஸ்பத்திரிக்கு நாலாவது ஸ்டேஷன்க்கா. பைய முன்னால மாட்டிக்கோங்க. அழாதீங்க, அழுதா வெளியூர்னு தெரிஞ்சிடும்.”

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி நிறுத்திப் பெயர் கேட்டான். “ஒட்டிலியாவா? இப்பத்தான் ஒருத்தர் உங்க பேரச் சொல்லிக் கேட்டுட்டுப் போனாரு.”

“கையில பெட்டி இருந்துதா?”

“கவனிக்கலையேம்மா.”

உள்ளே மரீபெலும் பிள்ளையும் நலம். பெண் குழந்தை. பேத்தியை வாங்கிக்கொண்டபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது: விமானத்தில் தொலைந்தால் வந்து சேரட்டும் என்று, பெட்டியில் தன் பெயருக்குக் கீழே மகள் வீட்டு முகவரியையும் எழுதியிருந்தாள்.

4
அவன் நல்லவன் என்றால் பெட்டி வரும். கெட்டவன் என்றால்... (இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். அதே கட்டடத்தில்தான் நானும் தூங்குகிறேன்.)

குழந்தையோடு அவர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். இன்று மாலை கீழ்வீட்டு மணி அடித்தது. “அம்மா இருக்காங்களா?” என்று ஆண் குரல். கதவுக்குப் பின்னால் பேத்தியை அணைத்தபடி நின்று ஒட்டிலியா எனக்கு போன் செய்தாள். “திறக்கவா?” என்று கிசுகிசுத்தாள்.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். மெதுவாக.