கறுப்பே அழகு, காந்தலே ருசி

பூட்டுக்காரரின் இடுப்பில் எந்நேரமும் ஒரு கொத்துச் சாவி தொங்கும். மனைவியை அழைத்துப்போன ஸ்கேன் அறை வாசலில் முதல் வம்பு அதற்குத்தான் வந்தது.

"உள்ள இருக்கிறது பெரிய காந்தம். குண்டூசிகூட கொண்டு போகக்கூடாது" என்றார் ஸ்கேன் எடுப்பவர். "அம்மாவுக்குக் காலையில ஏத்தின மருந்து வேற. அதுல இருக்கிறது கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள். நானோன்னு சொல்வாங்க."

"நல்ல நியாயம்! உங்க இரும்பு போகலாம், என் இரும்பு போகக்கூடாதா?"

"உங்க சாவிக்கொத்தை ஊசியில ஏத்த முடியுமா? சும்மா இருங்க" என்று சிரித்துவிட்டு மனைவி உள்ளே போனாள்.

சிரிக்கிற நேரமா அது? அவள் குடலில் இருந்த கட்டியைப் போன வருடம்தான் எடுத்தார்கள். இப்போது ஈரலில் ஏதோ தெரிகிறது. ஒரே இடம் என்றால் வெட்டி எடுத்துவிடலாம், ஈரல் முழுக்கப் பரவியிருந்தால் கத்தி வைத்துப் பயனில்லை என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். சாதா ஸ்கேனில் எத்தனை இடம் என்று பிடிபடாததால்தான் இந்த மருந்து.

காத்திருந்தவர் பாதி திறந்த கதவு வழியாகத் திரையைப் பார்த்துத் தொலைத்தார். ஈரல் முழுக்கக் கரிக்கட்டை மாதிரி கறுத்துக் கிடந்தது. அவருக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. மனைவியின் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"மச்சான், எல்லாம் போச்சு. முழுசும் கறுத்துப் போச்சு. உடனே கிளம்பி வாங்க."

டாக்டரம்மா இருவரையும் அழைத்து உட்காரவைத்தபோது பூட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏங்க இப்படி இருக்கீங்க? கறுப்புதான் நல்லது. நல்ல ஈரல் அந்த இரும்பைத் தின்னுட்டுக் கறுத்துடும். கட்டிக்குத் தின்னத் தெரியாது, வெள்ளையாவே நிக்கும். பாருங்க, இங்க ஒண்ணு. வேற எங்கயும் இல்ல."

"ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். எடுத்துடலாம்."

வீட்டில் சட்டி அடிப்பிடிக்கும்போதெல்லாம் சொல்வதையே மனைவி இப்போதும் சொன்னாள்: "கறுப்பே அழகு, காந்தலே ருசி. நான் சொன்னா எங்க கேட்டீங்க?"

அதற்குள் போன் அடித்தது. மச்சான்தான், வழியிலிருந்தே அழுதுகொண்டிருந்தார். அவள் போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, இவரு பேச்சைக் கேட்டு அழுவியா? எனக்கு ஒண்ணும் ஆகல. ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, வெட்டி எடுத்துடுவாங்களாம். மெதுவா வா."

அவ்வளவு தைரியமாகப் பேசியவள், போனை வைத்ததும் அவர் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள்.