அரிசி மில் ஆபீசுக்கு வராண்டா வந்த விதம்

2008 ஆடி மாதம், உத்திரமேரூர் பழைய அரிசி மில்லில் இருந்த சாஃப்ட்வேர் ஆபீஸ் அறை போட ஆரம்பித்தது. கொத்தனார் கிடையாது, சிமெண்டு கிடையாது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கான ஒரே மென்பொருளை அங்கே ஆறு குழுக்கள் பங்கு போட்டு எழுதின. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு குழு எதை எழுதி முடித்ததோ, அதே அமைப்பில் மறுநாள் காலை ஓர் அறை நின்றது. பேரூராட்சி ஆள் வந்து டேப் பிடித்து அளந்து, டீ குடித்துவிட்டுப் போனார்.

மெஹர்பானு அங்கே ஆர்க்கிடெக்ட். யார் வேலை யார் வேலையோடு எங்கே சேரும் என்று பார்ப்பது அவள் பொறுப்பு. பார்க்க விட்டால்தானே! தனித்தனியே ஒவ்வோர் அறையும் ஜோர்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத்தான் வழியில்லை. நோயாளி பெயரை ஆறு குழுவும் ஆறு விதமாகப் பதிந்தன. ஆகவே ஆறு மாடிப்படி முளைத்தன, ஒன்றுகூட மாடிக்குப் போகவில்லை. மருந்துக் குழுவின் கதவைத் திறந்தால் பில் குழுவின் சுவர். கேட்டால், அது அவங்க வேலை என்று ஆறு பேரும் ஆறு பக்கம் கை காட்டினார்கள். ஒரு வாரம் நிறுத்துங்கள் என்று மேனேஜர் சுப்பிரமணியிடம் தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். "படம் வரைஞ்சிக்கினு உக்காந்தா அது பழைய காலம்மா. நாம அஜைல் முறை. மொதல்ல ஓடட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்றார். அடக் கொடுமையே, ஓடுவதற்கு வழி வேண்டாமா?

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த அவள் அப்பா முகம்மது கௌஸ், மகளுக்கு நாஷ்டா எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. சுவருக்குப் பின்னால் அவர் இருமல் மட்டும் கேட்டது. இடித்த சுவர் மறுநாள் மறுபடி வளர்ந்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. மெஹர்பானு மாத்திரைகளையும் சோற்றுப் பொட்டலங்களையும் ஜன்னல் ஜன்னலாக வீசினாள். நாலாம் நாள் இருமல் தேய்ந்தது. "எங்க ரூம்ல சாஃப்ட்வேர் டெஸ்ட் எல்லாம் பாஸுக்கா, அவரு எங்ககிட்ட இல்ல" என்றான் மருந்துக் குழுத் தலைவன் ஜெகன். அவனை அங்கேயே நாலு அறை விட்டிருக்கலாம், விடவில்லை.

அவள் பெரிய படம் எதையும் போடவில்லை. தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குழு குழுவாகப் போய் உட்கார்ந்தாள். இரண்டே பேச்சு. நோயாளி பெயரை எல்லோரும் ஒரே மாதிரி எழுதுங்கள். கதவை எல்லோரும் நடுப்பக்கம் பார்த்து வையுங்கள். அறைக்குள்ளே உங்கள் இஷ்டம்.

"இந்த வாட்டி டைம் இல்லக்கா" என்றான் ஜெகன்.

"எங்க அப்பா உள்ள கீறாருடா. உனக்கு இன்னா டைம் வோணும்?"

ஜெகன் தலையைக் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தான்.

அவர் உள்ளே போன பதினைந்தாம் நாள் காலை புது அறை எதுவும் வரவில்லை. நடுவில் ஒரு வராண்டா இருந்தது. கௌஸ் பாய் காலை இழுத்துக்கொண்டு அதன் வழியே வந்தார். "எல்லா ரூமும் நல்லாத்தாம்மா கீது. பக்கத்து ரூமு எங்கன்னுதான் ஒருத்தனுக்கும் தெரியல" என்றார். மெஹர்பானு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த மாதம் வேலையைச் செய்துகாட்டிய கூட்டத்தில் சுப்பிரமணி ஆறு குழுவையும் பாராட்டினார். வராண்டாவைப் பற்றிப் பேச்சே இல்லை. போகட்டும். இரண்டு வருஷத்தில் அறைகள் நாற்பதாயின, ஊருக்குப் பழகிவிட்டது. நாற்பத்தோராவது அறை வந்த அன்று கௌஸ் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மெஹர்பானு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றாள். அவர் தானாகவே திரும்பி வந்து, காற்றோட்டம் பத்தாது என்றார்.