ஆஷ்கோம்பில் ஒரு பிரசவம்

பெரிய அண்ணன் ஜெர்வாஸ் நரி வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது, அண்ணி தியோடோரா மாசமாக இருந்தாள். அதற்கு முன் பிறந்ததெல்லாம் பெண்கள். ஆஷ்கோம்ப் மாளிகை, நிலம், பிரபு பட்டம் எல்லாம் ஆண் வாரிசுக்குத்தான். வயிற்றிலிருப்பது பையனென்றால் அவனுக்கு. பெண்ணென்றால் என் சின்ன அண்ணன் லயனலுக்கு. அதனால் பெரிய அண்ணனைப் புதைத்த பிறகும் லயனலை யாரும் பிரபு என்று அழைக்கவில்லை. கல்யாணமாகாமல் அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட நான் உட்பட, எல்லோரும் அண்ணியின் வயிற்றைப் பார்த்தபடி காத்திருந்தோம்.

லயனலின் மனைவி கான்ஸ்டன்ஸ் பெட்டிகளோடு வந்து இறங்கினாள்.

“உங்களைத் தனியா விட மனசு வரலக்கா” என்றாள் அண்ணியிடம்.

அன்று மாலையே வரவேற்பறைத் திரைச்சீலையை விரலால் தடவிப் பார்த்தாள். “இந்தப் பச்சை என்னவோ பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. இல்ல, அகஸ்டா?” என்று என்னைக் கேட்டாள்.

சாப்பாட்டு மேசையில் அண்ணி ஊறுகாய்க்குக் கை நீட்டினால் போதும். “புளிப்பு தேடுதாக்கா? என் ஆம்பளப் பசங்களைச் சுமந்தப்ப எனக்கு இனிப்புதான் கேட்டுது” என்பாள் கான்ஸ்டன்ஸ்.

ஒருநாள் தோட்டத்தில் நடக்கும்போது அண்ணி என்னிடம் சொன்னாள்: “பையன் பொறந்தா நான் இந்த வீட்டுக்கு அம்மா. பொண்ணு பொறந்தா விருந்தாளி. இத்தனை வருஷம் வாழ்ந்ததுக்கு அர்த்தமே இல்ல பாரு.”

வலி கண்டதும் லயனல் தன்னுடைய மருத்துவரை மாடிக்கு அனுப்பினார். வெளியிலிருந்து யாராவது ஒரு பையனைக் கொண்டுவந்து மாற்றிவிடக் கூடாதாம். அந்த ஆள் கட்டிலின் கால்மாட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் எதிரில் கத்தக் கூடாதென்று அண்ணி உதட்டைக் கடித்தே பெற்றாள்.

பெண்.

மருத்துவர் தாயின் முகத்தைக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். கான்ஸ்டன்ஸ் ஓடி வந்து குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டாள். அவள் கண்ணில் நிஜமான கண்ணீர். “தங்கமா இருக்காக்கா. அப்படியே உங்க ஜாடை.”

கீழே வேலைக்காரர்கள் லயனலைப் ‘பிரபுவே’ என்று அழைப்பது கேட்டது. தேவாலய மணி அடித்தது. குழந்தை திடுக்கிட்டு அழுதது. அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“என்ன பேரு வைக்கலாம் அண்ணி?”

“எதையாவது வை. யாரும் கூப்பிடப் போறதில்ல.”

ஆற்றோரம் எங்கள் குடும்பத்து விதவைகளுக்கென்று ஒரு வீடு உண்டு, சுவரெல்லாம் ஈரம். அண்ணியையும் பெண்களையும் அங்கே அனுப்பினார்கள். “நீயும் கூடப் போயிடேன், அகஸ்டா. அவங்களுக்குத் துணையா இருக்கும்” என்றாள் கான்ஸ்டன்ஸ். போனேன்.

குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் பரம்பரைச் சரிகை அங்கியைக் கான்ஸ்டன்ஸ் பணிப்பெண்ணிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். “துவைச்சுத் திருப்பித் தரணுமாம், சீமாட்டி சொன்னாங்க” என்றாள் பணிப்பெண். நேற்றுவரை அந்த வீட்டில் சீமாட்டி என்றால் அண்ணிதான்.

அண்ணி அங்கியை மடிப்புக் கலையாமல் அப்படியே திருப்பி அனுப்பினாள். ஊரே பார்க்க, ஒரு பழைய கம்பளித் துணியில் குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்குள் நடந்தாள். லயனலின் காது சிவந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

முன்வரிசையில், அண்ணியின் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்த கான்ஸ்டன்ஸ் பக்கத்துப் பெண்களிடம் குனிந்தாள்.

“பாவம், துக்கத்துல அவங்களுக்குப் புத்தி கொஞ்சம் கலங்கியிருக்கு.”

எல்லோரும் இரக்கத்தோடு தலையசைத்தார்கள்.