ஒத்திகை நோயாளி

கப்பலில் நோயாளியாக நடிக்க என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பயணிகளை ஏற்றிக்கொண்டு மறுபடியும் கடலுக்குப் போவதற்கு முன்னால் ஓர் ஒத்திகைப் பயணம் நடத்திக் காட்ட வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அதற்குக் காசு கொடுத்து யார் வருவார்கள்? அதனால் ஊழியர்களின் வீட்டு ஆட்களையே கூப்பிட்டார்கள். இரண்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊசி போடும் வயது வராத எங்கள் மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, ஓசிப் பயணம்தானே என்று நானும் பெட்டியைக் கட்டினேன்.

என் வீட்டுக்காரர் அந்தக் கப்பலில் அறைப் பணியாளர். படுக்கை விரிப்பது, துண்டு மாற்றுவது, குளியலறை துடைப்பது எல்லாம் அவர் வேலை. தொற்றுக் காலத்தில் கப்பல்கள் நின்றுபோன ஒன்றரை வருஷமும் வீட்டில் முடங்கிக் கிடந்தார். துண்டை அன்னப்பறவையாக மடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? எங்கள் வீட்டுத் துண்டுகளை எல்லாம் மடித்துக் கட்டிலில் வரிசையாக உட்கார வைப்பார். நான் தலை துவட்ட வேண்டுமென்றால் ஒரு பறவையின் கழுத்தைத் திருக வேண்டும். வேலைக்குத் திரும்ப வரச் சொல்லி அழைப்பு வந்த அன்று மனிதர் சிரித்தார் பாருங்கள், எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

ஒரே கப்பலில் இருந்தும் அவரைத் தூரத்திலிருந்துதான் பார்க்கலாம் என்றார்கள். பயணி உள்ளே இருக்கும்போது பணியாளர் அறைக்குள் நுழையக் கூடாது. பயணி முன்னால் முகக்கவசத்தைக் கழற்றினால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். யார் யார் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று குறித்துக்கொள்ள எல்லோர் கழுத்திலும் ஒரு மின்னணு வில்லை வேறு.

இதெல்லாம் தெரிந்தும் முதல் நாள் சாயங்காலமே அவர் வந்து நின்றார். கழுத்தில் வில்லை இல்லை. வராந்தாவில் நிறுத்திய துணி வண்டியில் போட்டுவிட்டு வந்தாராம். மகளுக்கு முன்பல் விழுந்திருந்தது. பொக்கை வாயோடு அவள் "அப்பா, சீக்கிரம் வா" என்று சொல்வதை என் போனில் எடுத்து வைத்திருந்தேன். கட்டிலில் என்னை ஒட்டி உட்கார்ந்து, கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார். நான் பாதி குடித்து வைத்த டீயை எடுத்துக் குடித்து முடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பிப் போனார். எனக்கு அன்று பயம் தெரியவில்லை, சந்தோஷமாக இருந்தது.

நாலாம் நாள் பாதுகாப்பு அதிகாரி ஆள் பிடிக்க வந்தார். நோயாளி கிடைத்தால் எப்படிப் பிரித்து வைப்பது என்று செய்து பார்க்க வேண்டும், உங்களுக்கு நடிப்பு நன்றாக வரும் போலிருக்கிறதே என்றார். நானும் வஞ்சனையில்லாமல் இருமினேன். தலை முதல் கால் வரை மூடிய இரண்டு பேர் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியில் ஓரமாக ஒதுங்கி நின்ற ஊழியர்கள் கைதட்டினார்கள். அவர்களில் இவரும் நின்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், இவர் மட்டும் தரையைப் பார்த்தார்.

கீழ்த்தளத்தில், கடைசி அறையில் விட்டார்கள். சோதனையும் நிஜமாகவே எடுத்துவிடலாம், அப்போதுதான் முழு ஒத்திகை என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே மூக்கில் குச்சியை விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குச்சியோடு வந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

டாக்டரம்மா வந்தார். தொற்று இருக்கிறது, ஊசி போட்டிருப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றார். எனக்கு என்னைப் பற்றிய கவலையே இல்லை. வில்லையில் பதிவாகாத யாராவது உங்கள் பக்கத்தில் வந்தார்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

டாக்டரம்மா அதை எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு அந்த ஒரு கோப்பை டீ ஞாபகம் வந்தது. நான்தான் வெளியிலிருந்து, பஸ்ஸிலிருந்தோ கடைத்தெருவிலிருந்தோ, இந்தச் சனியனைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருக்கிறேன். சொன்னால் அவரை இறக்கிவிடுவார்கள். மறுபடியும் வீடு, மறுபடியும் கட்டில் நிறையப் பறவைகள். சொல்லாவிட்டால் நாளைக்கும் அவர் ஒவ்வோர் அறையாகப் போய்த் தலையணை உறை மாற்றுவார். என் பக்கத்து அறைக் கிழவருக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

"என் வீட்டுக்காரர் வந்தாரு. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாரு. என் டீயைக் குடிச்சாரு."

டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் வராந்தாவின் மறுகோடியில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரரைத்தான் கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு டாக்டரம்மா திரும்பி வந்து என் விரலில் கருவியை மாட்டிக்கொண்டிருந்தபோது அறையின் போன் அடித்தது.

"சொல்லிட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சொல்லிட்டேங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன், ஒழுங்காக இருந்த மனுஷருக்கு நோயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

"நீ கொண்டு வரலை" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ ஏறுறதுக்கு முந்தின நாளே எனக்குத் தொண்டை கரகரன்னு இருந்துச்சு. ஏசி காத்துன்னு நினைச்சுக்கிட்டேன்."

"நினைச்சீங்களா, இல்ல உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிட்டீங்களா?"

அந்தத் தொண்டையோடு என் கட்டிலில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, இத்தனை நாளும் அறை அறையாகப் போய் வந்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூடவே, மகளின் பொக்கை வாயைப் பார்க்கத்தான் வந்தார் என்பதும் தெரிந்ததால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று புரியவில்லை.

"இன்னைக்குத்தான் ஆரம்பிச்சுதுன்னு நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றார். "நீயும் அதையே சொல்லிடு. இந்தக் கப்பல்லருந்து இறக்கினாலும் வேற கப்பல்ல ஏத்திக்குவாங்க. இத்தனை நாள் மறைச்சேன்னு தெரிஞ்சா இனிமே எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க."

டாக்டரம்மா என் விரலிலிருந்து கருவியைக் கழற்றி, என்ன என்று கண்ணாலேயே கேட்டார்.

நான் போனில் இருந்த ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினேன்.

"டாக்டர் பக்கத்துலதான் இருக்காங்க. உங்க குரல் அவங்களுக்கும் கேக்குது" என்றேன். "என்னைக்கு ஆரம்பிச்சுதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் சொல்றதைவிட நீங்க சொன்னா நல்லா இருக்கும்."

அவர் மூச்சு விடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இணைப்பைத் துண்டித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். துண்டிக்கவில்லை.

"இவ கப்பல் ஏறுறதுக்கு முந்தின நாள், டாக்டர்" என்றார்.