ஆழம் குறைந்த பக்கம்

பதினைந்து வருடம் தண்ணீரிலேயே வேலை பார்த்தவள் அவள். அடிபட்டதென்னவோ காய்ந்த தரையில். துவைத்து உலர்ந்த ஜன்னல் திரைகளை அள்ளிக்கொண்டு அடுக்குமாடிப் படிகளில் இறங்கும்போது திரையின் நுனி காலில் சிக்கியது. படிக்கட்டு வளைகிற இடத்தில் தலை மோதி விழுந்தாள்.

நகராட்சி நீச்சல் குளத்தில் அவள் பயிற்சியாளர். ஐந்து வயதுப் பிள்ளைகளிலிருந்து பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூளையில் ரத்தம் கசிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது பேச்சு இருந்தது, நடை இருந்தது, பழைய ஞாபகங்களும் அநேகமாக இருந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “பிழைச்சதே பெரிசு” என்றார்கள். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

முதல் வலிப்பு வீட்டுக்கு வந்த சில வாரங்களில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. அதற்கு முன்பே இடது கையில் இன்னொன்று குடியேறியிருந்தது. தோளிலிருந்து விரல் நுனிவரை ஓயாத எரிச்சல். சட்டைக் கை உரசினால் உப்புத்தாள் தேய்ப்பது போல இருக்கும். மின்விசிறிக் காற்று பட்டால் சுடும். கையைப் பார்த்தால் ஒரு கீறல் கிடையாது.

“கையில ஒண்ணுமே இல்லைம்மா. அடிபட்ட மூளை, இல்லாத வலியை இருக்கறதா சொல்லுது” என்றார் நரம்பியல் டாக்டரம்மா.

“பொய்தான் டாக்டர். ஆனா நம்பற மாதிரி சொல்லுது” என்றாள் அவள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினார்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பொருத்துபவர். மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற ஆள். கட்டிலில் இருவரும் இடம் மாறிப் படுத்தார்கள். தெருவில் அவர் எப்போதும் அவளுடைய வலப்பக்கம் நடந்தார். என்றாவது மறந்துபோய் இடது தோளில் கை வைத்துவிட்டால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுப்பாள்; அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாத்திரத்தை உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி நிற்பார். அப்படி நிற்பதைப் பார்ப்பதுதான் அவளுக்கு வலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

நாத்தனார் உதவிக்கு வந்து தங்கினாள். வந்த அன்றே சமையலறையைக் கைப்பற்றிவிட்டாள். “அண்ணி, அடுப்புப் பக்கம் தலை வச்சீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன். அண்ணா, நீ வா. வெங்காயத்தை உரி. அழு, பரவாயில்ல.” அண்ணனுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் ஊருக்குக் கிளம்பினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சாப்பாட்டில் உப்பு தன் இஷ்டத்துக்கு வந்து போயிற்று.

குளியலறைக்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது. தாழ்ப்பாள் போடக்கூடாது, ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். கணவர் கதவுக்கு வெளியே நின்று அவ்வப்போது, “இருக்கியா?” என்பார். “இருக்கேன்” என்று உள்ளிருந்து பதில் வரவேண்டும்.

ஒரு நாள் காலையில் அவள் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்டார். சத்தமில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். அவள் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குவளை வலது கையில் இருந்தது. கண் சிவந்திருந்தது.

“ஏன் பேசலை?” என்றார்.

“கொஞ்ச நேரமாவது யாரும் என்னைக் கேட்காம இருக்கட்டுமேன்னு பார்த்தேன்.”

அவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். காற்சட்டை நனைந்தது. “எனக்கு வேற வழி தெரியலை” என்றார். அவளுக்குக் கோபம் இறங்கிவிட்டது, ஆனால் இறங்கிய இடத்தில் வேறெதுவும் வந்து நிற்கவில்லை. “எழுந்திரிங்க, சளி பிடிக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

வருடம் திரும்பியபோது நீச்சல் குளத்து மேனேஜர் போன் செய்தார். காலை வேளையில் பெண்களுக்கான வகுப்பு ஒன்று. எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவர்கள். அவள் கரையில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதும். காவலுக்கு நீச்சல் தெரிந்த ஆள் ஒருவன் இருப்பான்.

“ஒரே ஒரு விஷயம் டீச்சர். வலிப்பு கிலிப்புன்னு அவங்ககிட்ட சொல்ல வேண்டாம். ஏற்கனவே பயந்தவங்க” என்றார் மேனேஜர்.

அவள் ஒத்துக்கொண்டாள். கண்ணாடிக் கூரையும் குளோரின் வாசனையும் எதிரொலியும் அப்படியேதான் இருந்தன. முன்பெல்லாம் அவள் கையால் சொல்லிக்கொடுப்பவள். மிதக்கப் பயப்படுகிறவரின் முதுகுக்கு அடியில் உள்ளங்கையை வைப்பாள். ஒரு வார்த்தை தேவைப்படாது. இப்போது கரையிலிருந்து வாயால் சொல்ல வேண்டியிருந்தது. “தலையை விடுங்க, தலையணையில வைக்கிற மாதிரி.” “வயித்தை மேலே தூக்குங்க. யாரும் பார்க்கலை, தைரியமா தூக்குங்க.”

அந்த வகுப்பில் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாள் ஒருத்தி இருந்தாள். எதைச் செய்தாலும் நேராகக் கீழே போய் உட்கார்ந்துவிடுவாள். தன் பெயரைத் தானே ‘நங்கூரம்’ என்று மாற்றிக்கொண்டாள். “டீச்சர், கப்பல் எதாவது நிக்கணும்னா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க” என்பாள். மற்ற பெண்கள் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

சில வாரங்கள் நன்றாகவே போயின. பிறகு ஒரு நாள், பேசிக்கொண்டே இருக்கும்போது டீச்சரின் நாக்கில் இரும்புச் சுவை ஏறியது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். விளிம்பைவிட்டு நாலு எட்டு பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்தாள். “வருது” என்றாள். எது வருகிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

கண் விழித்தபோது ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கடியில் நீச்சல் பழகுகிறவர்களின் மிதவைப் பலகை ஒன்று இருந்தது. மேலே ஈரத் துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. அது இடது கையில் பட்டு நெருப்பாக எரிந்தது. நங்கூரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காவல்காரப் பையன் பக்கத்தில் வெளிறிப்போய் நின்றான். அவன்தான் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தானாம். யாரோ முகத்தில் தண்ணீர் தெளிக்கப் போனபோது, “இவ்வளவு தண்ணியில வேலை பார்க்கறவங்களுக்குத் தெளிச்சு என்ன ஆகப்போகுது, தள்ளுங்க!” என்று நங்கூரம் அதட்டினாளாம்.

“துண்டை எடுங்க” என்றாள் டீச்சர். அதுதான் அவளுடைய முதல் பேச்சு.

அடுத்த வகுப்புக்கு அவள் போகாமல் இருந்திருக்கலாம். மேனேஜரும் அதைத்தான் எதிர்பார்த்தார். போனாள். பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். குளத்து விளிம்பில் அவர்களை உட்கார வைத்துத் தானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, திரைச்சீலையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் மறைத்தது தப்பு என்றும் சொன்னாள்.

நங்கூரம்தான் கேட்டாள்: “அது வரும்போது ரொம்ப வலிக்குமா?”

“பேருக்குத்தான் வலிப்பு. அது வரும்போது எனக்கு ஒண்ணுமே தெரியாது. மத்த நேரம் பூராவும்தான் வலி. இதோ, இந்தக் கை. இப்பவும்.”

“இப்பவுமா? சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க?”

“அழுதுகிட்டு இருந்தாலும் அதே அளவுதான் வலிக்குது. சோதிச்சுப் பார்த்துட்டேன்.”

ஒருத்தி சிரித்தாள், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். “அப்ப நீங்க தண்ணிக்குள்ள இறங்கவே மாட்டீங்களா டீச்சர்?” என்று இன்னொருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லாரும் இறங்கக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

டாக்டரம்மாவிடம் கேட்டாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். “மாத்திரையை மாத்தித் தர்றேன். ஆறு மாசம் வலிப்பு வராம இருக்கட்டும். அப்புறம் இடுப்பளவுத் தண்ணியில இறங்கலாம். கைக்கெட்டற தூரத்துல ஒருத்தர் இருக்கணும். வலிப்பு வந்தா தலையைத் தண்ணிக்கு மேல பிடிக்கத் தெரிஞ்சவரா இருக்கணும். தனியா மட்டும் எந்தக் காலத்துலயும் கூடாது.”

கணவரிடம் சொன்னபோது அவர் வில்லையைத் துடைக்கிற துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“வேண்டாம்” என்றார்.

“டாக்டரே சொல்லிட்டாங்க.”

“அவங்க சொல்லிடுவாங்க. உன்னை ஒரு தடவை தரையிலேர்ந்து தூக்கியிருக்கேன். தண்ணியிலேர்ந்து தூக்க எனக்குத் தெரியாது.”

“அப்ப கத்துக்கோங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நீச்சல் டீச்சரைக் கட்டிக்கொண்டும் கணுக்காலுக்கு மேல் நனையாமல் காலம் தள்ளியவர் அவர். கல்யாணமான புதிதில் அவள் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். ‘நான் நனைஞ்சா கண்ணாடி யார் துடைக்கறது’ என்று மழுப்பிவிடுவார். அன்று மழுப்பவில்லை. ஒரு வாரம் கழித்து, வேலை முடிந்து திரும்பியவர் கையில் ஒரு நீச்சல் உடை இருந்தது. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

ஆண்களுக்கான சாயங்கால வகுப்பில் சேர்ந்தார். அவள் பார்க்க வரக்கூடாது என்று நிபந்தனை. மூக்கில் தண்ணீர் ஏறி, கண் சிவந்து, வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் சாப்பிடுவார். காவல்காரப் பையன் அவருக்கும் நங்கூரத்துக்கும், மூழ்குகிறவரின் பின்னால் போய்த் தாடையைப் பிடித்துத் தலையை உயர்த்துவது எப்படி என்று தனியாகப் பழக்கினான். நங்கூரம் இதற்குள் மிதக்க ஆரம்பித்திருந்தாள். பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னால் மட்டும் கேட்கவில்லை.

ஆறு மாதம் முடிந்த பிறகு, கூட்டமில்லாத ஒரு காலையில் அவள் ஆழம் குறைந்த பக்கத்துப் படிகளில் இறங்கினாள். வலப்பக்கம் கணவர். இடப்பக்கம், கையைத் தொடாத தூரத்தில் நங்கூரம். கரையில் காவல்காரப் பையன், கண்ணை எடுக்காமல்.

இடது கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்; இடுப்புவரை ஒன்றும் இல்லை. கையைத் தாழ்த்தி முழங்காலை மடக்கியதும் தண்ணீரின் விளிம்பு இடது கையில் ஏறத் தொடங்கியது. சூடான கம்பியை மெல்ல இழுப்பது போல அந்தக் கோடு மேலே வந்தது. அவள் முகம் சுருங்கியது.

“வெளிய போயிடலாம்” என்றார் கணவர்.

“இருங்க.”

தோள்வரை மூழ்கிய பிறகு கோடு மறைந்துவிட்டது. கை முழுவதும் ஒரே சீரான வெதுவெதுப்பு. வலி போய்விடவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. தலையைச் சாய்த்தாள். கணவரின் உள்ளங்கை அவள் பிடரிக்கு அடியில் வந்தது. காது தண்ணீருக்குள் போனதும் எல்லாச் சத்தமும் அடங்கியது. கண்ணாடிக் கூரையில் வெளிச்சம் அசைந்தது. அவள் அழுதிருக்கலாம், முகமெல்லாம் ஈரம், யாருக்கும் தெரியவில்லை.

படியேறும்போது அந்தக் கோடு மறுபடி தோளிலிருந்து விரல்வரை சுட்டுக்கொண்டே இறங்கியது. உடை மாற்றும் அறையில் இடது கையைச் சட்டைக்குள் நுழைக்க வழக்கம்போல வெகுநேரம் ஆயிற்று. அவள் முகத்தைப் பார்த்த நங்கூரம், அவ்வளவு நேரமும் தன் மருமகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டே காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை இறங்கினாள். மழைக்காலம் தொடங்கியபோது, வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கையில் வலிப்பு வந்தது. நாக்கு கடிபட்டு, ஒரு நாள் முழுக்கப் படுத்திருந்தாள். டாக்டரம்மா, “முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்” என்றார். மறுநாள் கரைக்குப் போய், புதிதாகச் சேர்ந்த இருவருக்கு மூச்சை எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுத்தாள். சேருகிறவர்களிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மேனேஜரும் பழகிவிட்டார்.

கணவர் மட்டும் தன் வகுப்பை நிறுத்தவில்லை. “விட்டா மறந்துடும்” என்றார். வரக்கூடாது என்ற நிபந்தனை எப்போது தளர்ந்தது என்று இருவருக்கும் ஞாபகமில்லை. ஒரு சாயங்காலம் அவள் கரையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். பாதிக் குளம்வரை தவளை மாதிரி போனவர், பக்கவாட்டில் கோணிக்கொண்டு சுவரில் முட்டப் பார்த்தார்.

“இடது காலை முழுசா நீட்டுங்க!” என்று கத்தினாள். குரல் கூரையில் மோதித் திரும்பியது. குளத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் இடது காலை நீட்டினார்கள்.