வாய் மாறிய குரல்

துவக்கோடு வருகிறவன் எங்கேதான் கதவைத் தட்டினான்! இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர், தோளில் துப்பாக்கியோடு, நேரே கண்ணகையின் வீடியோ ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார்கள். நல்ல பட்டப்பகல். எதிர்க்கடைக்காரர் அதற்குள் பலகையை இழுத்துச் சாத்திவிட்டார்.

மூத்தவன் கட்டையானவன். ஒரு சீடியை மேசையில் போட்டான்.

"இது நீ செஞ்சதுதானே புள்ள?"

"ஓம் அண்ணன்."

களுதாவளை இராசதுரையின் மகளுடைய கலியாண வீடியோ. கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அது எத்தனை கை மாறி இவர்களிடம் போனதோ!

"கன்னிகாதானம் செய்யிற இடத்தப் போடு."

போட்டாள். மகளின் கையைப் பிடித்தபடி இராசதுரை, ஐயர் சொல்லச் சொல்ல வாயை அசைக்கிறார். மேளச் சத்தத்துக்குள் ஓர் ஆண் குரல் அமுங்கிக் கேட்டது: "பொடியன் படுவான்கரையில நிக்கிறான். பயமில்ல, யோசியாத."

"கேட்டியா? எங்களிட்ட இருந்து வாவிக்கு அங்கால ஓடினவனுகள்ள ஒருத்தனத்தான் சொல்றாரு. ஆரெண்டு கேட்டா, நான் மந்திரம்தான் சொன்னனெண்டு அழுறாரு. வேனுக்குள்ளதான் இருக்காரு. இண்டைக்கு ராவைக்குள்ள சொல்லத்தான் வேணும்."

கண்ணகை அந்த இடத்தை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள். குரல் இராசதுரையுடையது அல்ல. அது அவர் வாயில் வந்து விழுந்தது அவளுடைய வேலையால்.

பெண் மணவறைக்கு நடந்து வரும் காட்சியை அழகுக்காக மெதுவாக்கியிருந்தாள். சத்தத்தையும் சேர்த்து மெதுவாக்கினால் நாதஸ்வரம் மாடு கதறுவதுபோல இழுபடும். அதனால் சத்தத்தைத் தனியே பிரித்துவிட்டுப் படத்தை மட்டும் இழுத்தாள். படம் நீண்டது, சத்தம் நீளவில்லை. மெதுவான காட்சி முடியும் இடத்தில் சத்தத்தை வெட்டித் தள்ளி மறுபடி படத்தோடு பொருத்த வேண்டும். கரண்ட் போவதற்குள் முடிக்கிற அவசரத்தில், பாவி, அதை மறந்துபோனாள். அதற்குப் பிறகு சத்தமெல்லாம் படத்துக்கு முன்னால் ஓடியது. மேளம் எங்கே விழுந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"அண்ணன், இது அவர்ர குரல் இல்ல. சத்தம் விலகிப்போச்சு. நான் விட்ட பிழை."

"அப்ப சரியாப் பொருத்திக் காட்டு. ஆர்ர வாய்க்கு வருதெண்டு பாப்பம்."

கம்ப்யூட்டரில் அந்த வேலை அழியாமல் இருந்தது. குரல் விழுந்த துண்டை மௌஸால் பிடித்து, படத்தில் அதற்குரிய இடத்துக்கு நகர்த்தினாள். அங்கே தெரிந்த முகத்தைக் கண்டதும் அவளுக்கு உயிரே போய்விட்டது. சீனித்தம்பி! மனைவியின் காதருகே குனிந்து நிற்கிறார். மகன் கட்டாருக்குப் போய்விட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனுசன்.

வேனிலிருந்து ஒருவரை இறக்க இன்னொருவரை ஏற்றுவதா? ஐயோ, பிள்ளையாரே!

அவர்கள் பார்ப்பதற்குள் அந்த இடத்தைத் தாண்டினாள்.

"சரியான இடத்த இப்ப கண்டுபிடிக்கேலாது அண்ணன். எங்க வச்சாலும் பொருந்தும். இஞ்ச பாருங்க."

குரலை ஐயர்மேல் வைத்தாள். "பொடியன் படுவான்கரையில நிக்கிறான்" என்றார் ஐயர். நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் வெற்றிலை சப்பிய கிழவர்மேல் வைத்தாள். அவரும் சொன்னார். இளையவன் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கிட்ட வந்தான்.

"இன்னொருக்கா வை" என்றான் மூத்தவன்.

சீனித்தம்பியைத் தவிர யாராவது சரி என்று பந்திப் பக்கமாகத் தள்ளிவிட்டாள். கலியாணத்துக்கு அழையாமலே வந்த இந்த மூத்தவனே அங்கே இருந்தான். பக்கத்தில் இருப்பவரிடம் சோற்று வாயோடு எதையோ சொல்கிறான்.

"பொடியன் படுவான்கரையில நிக்கிறான். பயமில்ல, யோசியாத."

உதடும் குரலும் கச்சிதமாகப் பொருந்தின. ஐயர் வாயில்கூட இப்படிப் பொருந்தவில்லை. தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள் கண்ணகை.

மூத்தவன் சிரித்தான். ஆனால் சிரிப்பதற்கு முன் திரும்பி இளையவனின் முகத்தைப் பார்த்தான். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, சரி. நிப்பாட்டு அந்தக் கருமத்த! அந்தாள இறக்கி விடுங்கடா!" என்று கத்திக்கொண்டே வெளியே போனான்.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இராசதுரை வேனிலிருந்து இறங்கினார். ஒரு காலில்தான் செருப்பு. யாரையும் திரும்பிப் பார்க்காமல், ஓடவும் பயந்து, றோட்டோரமாக நடந்தார். அந்த மனுசன் பிழைத்துவிட்டார், அது போதும்.

திரும்பியபோது இளையவன் இன்னும் போகவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, கடைசியாக் காட்டினீங்களே, எங்கட ஆள் கதைக்கிறது. அத மட்டும் ஒரு சீடியில அடிச்சு வைங்க. நாளைக்கு நான் தனிய வாறன்."

"தம்பி, அது பொய்தானே! நான்தான் வச்சுக் காட்டினனான். நீங்களும் பாத்துக்கொண்டுதானே நிண்டீங்க?"

"எனக்குத் தெரியும் அக்கா" என்றான் அவன், தொப்பியைச் சரிசெய்துகொண்டே. "மேலிடத்துக்குத் தெரியாதே."